‘ரூம்’ நாவலைக் கடற்கரைப் பெண்களோடு சேர்ந்து வாசிக்க

எம்மா டொனோகு எழுதி 2010இல் வெளிவந்த ‘ரூம்’ நாவலைத் தனியாக உட்கார்ந்தால் இரண்டு மூன்று ராத்திரியில் முடித்துவிடலாம். பெண்களைக் கூட்டிவைத்துச் சேர்ந்து வாசிப்பது வேறு வேலை. பாம்பனில் என் வீட்டுத் திண்ணையில் அதைச் செய்துவருகிறேன். தங்கச்சிமடம், மண்டபம், தொண்டிப் பக்கத்து டீச்சர்களும் மகளிர் குழு அக்காமாரும் எப்படி நடத்துவது என்று கேட்கிறார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன். நான் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், மீனவர் வீட்டுப் பெண்.

கதையை இரண்டே வரியில் சொல்லிவிடலாம். பத்தொன்பது வயதில் கடத்தப்பட்ட ஒருத்தியை, கடத்தியவன் தன் வீட்டுப் பின்கட்டுக் கொட்டகையில் ஏழு வருஷமாகப் பூட்டி வைத்திருக்கிறான். அங்கேயே அவளுக்குப் பிறந்த மகன் ஜாக், தன் ஐந்தாவது பிறந்தநாள் அன்று கதை சொல்லத் தொடங்குகிறான்.

பதினோரு அடிக்குப் பதினோரு அடி. கூரையில் ஒரு கண்ணாடிச் சன்னல். எண் அழுத்தினால் மட்டும் திறக்கிற இரும்புக் கதவு. அது சிறை என்று ஜாக்குக்குத் தெரியாது. அவனுக்கு உலகமே அவ்வளவுதான், அதில் குறை ஒன்றும் இல்லை. அந்தக் குறையில்லாத உலகத்தை அவனுக்காக ஒவ்வொரு நாளும் கட்டியெழுப்பியவள் அவன் அம்மா. பூட்டியவனைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கூட்டம் அங்கேயே நின்றுவிடும். அவள் வளர்த்ததைப் பற்றிப் பேச வைக்க வேண்டும். இந்தக் குறிப்புகள் எல்லாம் அதற்காகத்தான்.

எப்போது, யாரோடு

எங்கள் பக்கம் இதற்குத் தோதான காலம் மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். கையில் காசு புழங்காத காலம்தான், ஆனால் “இன்னைக்குப் போன போட்டு திரும்பிருச்சா” என்று யாரும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார வேண்டாம். மற்ற மாதங்களில் நடத்தினால் படகு போகாத நாளாகப் பார்த்து, மத்தியானச் சோற்றுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவைக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இழுக்காதீர்கள்.

எட்டுப் பேரில் இருந்து பன்னிரண்டு பேர் வரை போதும். அதற்கு மேல் போனால் வாயுள்ளவர்கள் பேசுவார்கள், மற்றவர்கள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுப் போய்விடுவார்கள். வீட்டுக்காரர் அந்த நேரம் இலங்கைச் சிறையில் இருக்கிற பெண்ணைக் கூப்பிடலாமா என்று கேட்கிறார்கள். கூப்பிடலாம். ஆனால் பொதுவில் வைத்துக் கூப்பிடாமல் தனியாகப் போய்க் கதையைச் சொல்லி, “ஒனக்கு வேணும்னா வா” என்று விட்டுவிடுங்கள். சிலர் வேண்டாம் என்பார்கள். இன்னும் சிலர் அதற்காகவே வருவார்கள்.

கைவேலையோடு வரச் சொல்லுங்கள். என் திண்ணையில் சிப்பி மாலை கோர்க்கிறவர்கள் உண்டு, பாசி எடுக்கப் போய்வந்த கைக்கு எண்ணெய் தடவிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறவர்களும் உண்டு. கையில் வேலை இருந்தால் கண் கலங்கும்போது குனிந்துகொள்ள ஓர் இடம் கிடைக்கும். எங்கள் பெண்களுக்கு அது தேவைப்படுகிறது.

பிள்ளைகளைக் கூட்டிவர வேண்டாம். ஒரு குழந்தை கதை சொல்கிறது என்பதால் இது குழந்தைகளுக்கான கதை ஆகிவிடாது. பதினாறு பதினேழு வயசுப் பெண்பிள்ளைகள் அம்மாவோடு வந்தால் இருக்கட்டும்.

முதலிலேயே சொல்லிவிடுங்கள்

தொடங்குவதற்கு முன்பே உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுங்கள். கதையில் ஒரு பெண் கடத்தப்படுகிறாள், வன்கொடுமைக்கு ஆளாகிறாள். ஜாக்குக்கு முன்னால் பிறந்த ஒரு குழந்தை பிறக்கும்போதே இறந்துபோகிறது. பின்பாதியில் அந்தப் பெண் மாத்திரை விழுங்கி உயிரை விடப் பார்க்கிறாள், பிழைத்துக்கொள்கிறாள். “நடுவுல எந்திரிச்சுப் போகணும்னா போகலாம், ஏன்னு நான் கேக்க மாட்டேன்” என்று சொல்லி வையுங்கள். அதேபோல் கேட்காமலும் இருங்கள்.

சொன்னால் ருசி போய்விடுமே என்று ஒரு டீச்சர் கேட்டார். போகாது. என்ன நடக்கும் என்று தெரிந்த பிறகும் எப்படி நடக்கும் என்று கேட்க ஆள் உட்காரும். கூத்துப் பார்க்கப் போகிறவர்கள் எல்லாம் கதை தெரிந்துதானே போகிறார்கள்?

2008இல் ஆஸ்திரியாவில் வெளிச்சத்துக்கு வந்த ஒரு கொடூர வழக்கு இந்த நாவலுக்குத் தூண்டுகோலாக இருந்ததென்று டொனோகு சொல்லியிருக்கிறார். அதை மட்டும் கடைசிவரை எடுக்காதீர்கள். எடுத்தால் கூட்டம் அந்த வழக்கைத் தேடி செல்போனுக்குள் போய்விடும், ஜாக் தனியாக நிற்பான். 2015இல் வந்த படமும் அப்படித்தான். நல்ல படம், அம்மாவாக நடித்த பிரி லார்சனுக்கு ஆஸ்கர் கிடைத்தது. ஆனால் படத்தில் கேமரா அறையைக் காட்டிவிடுகிறது, அது எவ்வளவு சின்னது, எவ்வளவு அழுக்கு என்று நமக்கு உடனே தெரிந்துவிடுகிறது. நாவலில் ஜாக்கின் கண்ணை விட்டால் நமக்கு வேறு கண் இல்லை. நாவலை முடித்த பிறகு படத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

ஜாக்கின் வாயால்

நான் ஆங்கிலப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு தமிழில் சொல்லிக்கொண்டே போவேன். எல்லாப் பக்கத்தையும் சொல்ல முடியாது, சொல்லவும் வேண்டாம். முந்தின நாளே சொல்லப்போகிற பக்கங்களைப் பென்சிலால் குறித்து, வாய்விட்டு ஒருதரம் சொல்லிப் பாருங்கள்.

மழலை பேசாதீர்கள். “தோதோ, பாப்பா” என்று குரலைக் குழைத்தால் ஜாக் செத்துப்போவான். அவன் கெட்டிக்காரப் பிள்ளை. எண்ணுவான், வாசிப்பான், பெரிய பெரிய சொல்லெல்லாம் தெரியும். காற்றும் மழையும் மேலே படாமல் வளர்ந்தவன், அவ்வளவுதான். ஐந்து வயசுப் பையன் தனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றை நமக்கு விளக்கிச் சொல்கிற மாதிரி, தெளிவாக, கொஞ்சம் பெருமையாகச் சொல்லுங்கள்.

அறையில் உள்ள சாமான்கள் அவனுக்குக் கூட்டாளிகள். கட்டில், அலமாரி, கம்பளம், செடி, கைப்பிடி உருகிப்போன ஒரு கரண்டி, எல்லாமே அவனுக்கு ஆட்கள்தான். தமிழில் “கம்பளம் வந்தான்”, “செடி சோர்ந்துபோனாள்” என்று சொல்லிப் பாருங்கள். முதலில் சிரிப்பார்கள். கொஞ்ச நேரத்தில் அவர்களே, “செடிக்கு என்னாச்சு டீச்சர்?” என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி வந்துவிட்டால் அவர்களும் அறைக்குள் வந்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

இதில் நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டிய முக்கியமான வித்தை, விளக்காமல் இருப்பது. ஜாக் சொல்வது ஒன்று, நமக்குப் புரிவது இன்னொன்று. இந்த நாவலின் உயிர் அந்த இடைவெளியில் இருக்கிறது. ஒரு விளையாட்டு வருகிறது. சனி ஞாயிறு தவிர மற்ற நாட்களில் அம்மாவும் மகனும் மேசை மேல் ஏறி நின்று, கூரைச் சன்னலைப் பார்த்து வாய்கிழியக் கத்துகிறார்கள், பிறகு சத்தம் காட்டாமல் காதைக் கொடுத்துக் கேட்கிறார்கள். ஜாக்குக்கு அது விளையாட்டு. ராத்திரியில் அம்மா விளக்கைப் போட்டுப் போட்டு அணைக்கிறாள், அதையும் அவன் சும்மா சொல்லிக்கொண்டு போகிறான். நீங்களும் சும்மா சொல்லிவிட்டுப் போங்கள். எங்கள் திண்ணையில் ஒரு தடவை, கருவாடு விற்கிற ஓர் அக்கா நூலை வாயில் கடித்தபடியே சொன்னார்: “லைட்ட அணைச்சு அணைச்சுப் போடுறது எதுக்கு? எஞ்சின் நின்னுபோனா கடல்ல அப்புடித்தான் ஆளக் கூப்புடுவாக.” திண்ணை அமைதியாகிவிட்டது. அதை நான் சொல்லியிருந்தால் பாடமாகப் போயிருக்கும்.

இன்னொரு இடம். ராத்திரி, பூட்டி வைத்திருக்கிற அந்த ஆள் வரும்போது ஜாக் அலமாரிக்குள் படுத்திருப்பான். கட்டில் கிரீச்சிடுவதை ஒன்று, இரண்டு என்று எண்ணுவான். அந்தப் பக்கத்தை மெதுவாகச் சொல்லி, எண்ணி முடித்ததும் நிறுத்திவிட்டு டீ போடப் போங்கள். அப்போது யாரையும் எதுவும் கேட்கக் கூடாது.

முட்டையோட்டுப் பாம்பு

அம்மா வளர்த்ததைக் காட்டுகிற இடங்களுக்கு நேரத்தைத் தாராளமாகக் கொடுங்கள். காலையில் எழுந்ததும் சாப்பாடு, குளிப்பு, உடற்பயிற்சி என்று நாளுக்கு ஓர் ஒழுங்கு வைத்திருக்கிறாள். ஓட இடம் இல்லாத அறையில் கட்டிலைச் சுற்றி ஓட வைக்கிறாள். டிவியை அளந்துதான் விடுகிறாள். முட்டை சமைத்த பிறகு ஓட்டைத் தூக்கி எறியாமல் ஊசி நூலில் கோர்த்து நீளமான ஒரு பாம்பு செய்கிறார்கள். அது கட்டிலுக்கு அடியில் குடியிருக்கிறது.

இதைச் சொல்லிவிட்டு, செய்தும் பாருங்கள். அன்றைக்கு யார் வீட்டிலாவது முட்டைக் குழம்பு வைத்திருந்தால் ஓட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள். சிப்பி கோர்க்கிற பெண்களுக்கு ஊசி பிடிப்பது தண்ணீர் பட்ட பாடு. ஆனாலும் முட்டையோடு அவர்களுக்கே உடையும். சிப்பியில் துளை ஏற்கெனவே இருக்கும். முட்டையோட்டில் ஊசியை நேராகக் குத்தாமல் நகத்தால் தாங்கிக்கொண்டு திருகித் திருகி இறக்க வேண்டும், அப்படியும் பாதி நொறுங்கும். மூன்று ஓடு கோர்ப்பதற்குள் ஒருத்தி கேட்டாள்: “அறையச் சுத்தி வர்ற நீளத்துக்குக் கோத்தாளா? எம்புட்டு நாளு உக்காந்துருப்பா!” அந்த வாய்ச்சொல் போதும். பொறுமை, தாயன்பு என்றெல்லாம் நாம் பேச வேண்டியதே இல்லை.

மண்டபம் அகதிகள் முகாமில் வளர்ந்து இங்கே வாக்கப்பட்டு வந்த ஒரு பெண் பதினோரு அடி என்றதும் நிமிர்ந்தாள். முகாம் வீடென்றால் அவளுக்குப் பத்துக்குப் பத்துதான். அவள் எழுந்துபோய்த் திண்ணையில் காலடி வைத்து அளந்து, கட்டில் இங்கே, அடுப்பு இங்கே, தொட்டி இங்கே என்று சாக்பீசில் கோடு போட்டாள். பிறகு வந்த நாளெல்லாம் அந்தக் கோட்டுக்குள்தான் எல்லோரும் உட்கார்ந்தோம். நீங்களும் முதல் நாளே சாக்பீசில் கட்டம் போட்டுவிடுங்கள். வாய்வார்த்தையாகச் சொல்லிப் புரியாதது உட்கார்ந்ததும் புரிந்துவிடும், முழங்கால் இடிக்கும்.

சில நாட்களில் அந்த அம்மா கட்டிலை விட்டு எழுவதே இல்லை. கண் திறந்திருக்கும், ஆள் இருக்க மாட்டாள். ஜாக் தானாக எதையாவது எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, அவள் திரும்பி வரும்வரை காத்திருப்பான். இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடாதீர்கள். நல்ல அம்மா என்றால் ஒரு நாளும் சாய மாட்டாள் என்கிற பேச்சு நம்மிடம் அதிகம். வீட்டுக்காரர் பிடிபட்ட முதல் வாரம் பாயை விட்டு எழாத பெண்களை எங்கள் தெருவுக்குத் தெரியும், “புள்ளயப் பாக்காமப் படுத்துக் கெடக்கா” என்று பேசிய வாய்களையும் தெரியும். ஜாக் அவளைக் குறை சொல்வதில்லை. அவன் சொல்கிற தொனியிலேயே சொல்லி முடியுங்கள்.

உண்மையைச் சொல்லும் இடம்

என் வாசிப்பில் இந்த நாவலின் நடுத்தூண் இங்கேதான் இருக்கிறது, தப்பிக்கிற இடத்தில் இல்லை. அதுவரை டிவியில் தெரிகிற கடலும் மரமும் பிள்ளைகளும் வெறும் படம், அறை மட்டும்தான் நிஜம் என்று நம்ப விட்டவள், ஐந்து வயது ஆனதும் அத்தனையும் வெளியே உண்மையாக இருக்கிறது என்று சொல்ல ஆரம்பிக்கிறாள். அவன் நம்ப மறுக்கிறான். கோபப்படுகிறான். நாலு வயசாகவே இருந்துவிடுகிறேன் என்கிற அளவுக்குப் போகிறான். அவள் விடாமல், கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறாள்.

இதை வாசித்த அன்று வேறு எதையும் வாசிக்காதீர்கள். எங்கள் கடற்கரையில் இந்தப் பேச்சு கட்டாயம் வரும்: அப்பா பிடிபட்டால் பிள்ளையிடம் என்ன சொல்வது? “தங்குகடலுக்குப் போயிருக்காக”, “கேரளாவுக்கு வேலைக்குப் போயிருக்காக” என்று சொல்லி வைத்த பெண்கள் திண்ணையிலேயே இருப்பார்கள். அவர்களைக் குற்றவாளி ஆக்காதீர்கள். ஜாக்கின் அம்மாவும் அன்பினால்தான் மறைத்தாள். ஆனால் மறைத்தது எப்படி உடைகிறது என்பதையும் பேசத்தான் வேண்டும். இந்தக் காலத்தில் பிடிபட்டவர்களை வரிசையாக உட்காரவைத்து எடுத்த போட்டோ, அம்மா பிள்ளையிடம் வாய் திறப்பதற்கு முன்னால் வாட்சாப்பில் வந்துவிடுகிறது. பக்கத்து வீட்டுப் பையன் போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, “டேய் ஒங்கப்பாடா” என்கிறான்.

எப்படிச் சொல்லலாம் என்று எங்கள் பெண்கள் பேசிப் பேசி ஒரு வழிக்கு வந்திருக்கிறார்கள். நானும் அதில் என் பங்கைப் போட்டேன். ஒரு தாய் ஆறு வயசு மகனிடம் சொன்னதை அப்படியே தருகிறேன்:

“அப்பா யாழ்ப்பாணத்துல ஜெயில்ல இருக்காக. கோட்டத் தாண்டி மீன் பிடிச்சதுக்காகப் புடிச்சிருக்காக. கூட நம்ம ஊரு மாமாமாரும் இருக்காக. அங்கயும் தமிழ்தான் பேசுவாக. சோறு குடுக்குறாக. கோர்ட்டுல வாய்தா இருக்கு. எப்ப விடுவாகன்னு அம்மாவுக்கே தெரியாதுய்யா. தெரிஞ்ச அன்னைக்கு மொதல்ல ஒனக்குத்தான் சொல்லுவேன்.”

இதில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று பாருங்கள். இடம் இருக்கிறது, காரணம் இருக்கிறது, கூட யார் இருக்கிறார்கள் என்பது இருக்கிறது, சாப்பாடு இருக்கிறது. பிள்ளைகள் முதலில் கேட்பது சாப்பாட்டைத்தான். தேதி இல்லை. “கிறிஸ்துமஸுக்கு வந்துருவாக”, “திருவிழாவுக்கு வந்துருவாக” என்று வாய்க்கு வந்த தேதியைச் சொல்லவே கூடாது. வாய்தா தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும், ஒவ்வொரு தடவையும் அந்தப் பிள்ளை அம்மாவின் பேச்சில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கையை எடுத்துக்கொள்ளும்.

முடிந்தால் ஒரு வரைபடத்தைக் காட்டுங்கள். தனுஷ்கோடியில் இருந்து தலைமன்னார் 30 கிலோமீட்டருக்குள்தான். ராமநாதபுரத்துக்குப் பஸ்ஸில் போகிற தூரத்தைவிடக் குறைவு என்று சொன்னால் பிள்ளைக்கு அப்பா இருக்கிற நாடு ஒரு கணக்குக்குள் வரும். ஒரே நாளில் எல்லாவற்றையும் கொட்ட வேண்டாம். பிள்ளை கேட்கிற அளவுக்குச் சொல்லிவிட்டு, மறுபடி கேட்கும்போது மறுபடி சொல்லுங்கள். பத்துத் தடவை கேட்டாலும் பத்துத் தடவையும் ஒரே பதில் வர வேண்டும்.

கொட்டகை வேறு, கடல் வேறு

பேச்சு சூடாகும்போது யாராவது ஒருவர் நாவலில் வருகிற அந்த ஆளையும் இலங்கை நேவியையும் ஒன்றாகச் சேர்த்துப் பேசுவார். அதை அங்கேயே நிறுத்துங்கள். கொட்டகையில் பூட்டியவன் ஒரு கொடியவன், அவனுக்குச் சட்டமும் இல்லை, நியாயமும் இல்லை. நம் ஆட்கள் பிடிபடுவது 1974, 1976 ஒப்பந்தங்களில் போட்ட எல்லைக்கோட்டைச் சுற்றி நடக்கிற விவகாரம். அந்தப் பக்கம் வலை வைத்துப் பிழைப்பவர்களும் தமிழ்ப் பெண்களின் வீட்டுக்காரர்கள்தான். நம் இழுவைமடி அவர்கள் வலையை அறுத்துக்கொண்டு போனதாக அவர்கள் முறையிடுகிறார்கள். நமக்கும் அடிபட்ட கதை, உயிர் போன கதை எல்லாம் உண்டு. இதையெல்லாம் பேச வேறு கூட்டம் வையுங்கள், அதற்கு ஆண்களையும் கூப்பிடுங்கள். இந்தத் திண்ணையில், உள்ளே இருக்கிறவர்களும் வெளியே காத்திருக்கிற பிள்ளைகளும் எப்படி நாளைக் கடத்துகிறார்கள் என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

தப்பித்த பிறகுதான் பெரிய பாதி

தப்பிக்கிற பகுதியைச் சொல்வதற்கு உங்களுக்கு என் யோசனை தேவைப்படாது, அது தானாக ஓடும். செத்துப்போன மாதிரி மகனை நடிக்க வைத்துக் கம்பளத்தில் சுருட்டி வெளியே அனுப்புகிறாள். வண்டியில் இருந்து குதித்து ஓடுகிற பையனை முதலில் கவனிப்பவர், கைக்குழந்தையும் நாயுமாக நடந்து வருகிற அஜீத் என்கிற ஓர் ஆள். எங்கள் கூட்டத்தில் அந்தப் பெயரைக் கேட்டதும் கைதட்டினார்கள். அன்றைக்கு எல்லோரும் சந்தோஷமாக வீட்டுக்குப் போவார்கள். போகும்போதே, “கதை முடியல, அடுத்த தடவையும் வந்துருங்க” என்று சொல்லி அனுப்புங்கள்.

கிட்டத்தட்ட பாதிப் புத்தகம் இதற்குப் பிறகுதான் இருக்கிறது. ஜாக்குக்கு மாடிப்படி இறங்கத் தெரியாது. செருப்பு உறுத்துகிறது, வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது. அம்மா தனக்கு மட்டும்தான் என்று இருந்தவன் இப்போது அவளைப் பாட்டியோடும் டாக்டர்களோடும் பங்கு போட வேண்டியிருக்கிறது. அறைக்கே திரும்பிப் போகலாம் என்கிறான். அம்மாவின் அப்பா, பேரனை நிமிர்ந்து பார்க்கக்கூட முடியாமல் தவிக்கிறார். பாட்டியின் இரண்டாவது வீட்டுக்காரர்தான் பையனோடு ஒட்டுகிறார், ஒன்றும் பெரிதாகச் செய்யாமல், கூட உட்கார்ந்து சாப்பிட்டு விளையாடி.

இதைச் சொல்லும்போது எங்கள் திண்ணையில் வந்த பேச்சு, விடுதலையாகி வந்த அப்பாக்களைப் பற்றியது. 2011 நவம்பரில் பிடிபட்ட ராமேஸ்வரம் தீவுக்காரர்கள் ஐந்து பேருக்கு 2014 அக்டோபரில் கொழும்பு நீதிமன்றம் தூக்குத் தண்டனை விதித்தது, எங்கள் பக்கம் யாருக்கும் மறந்திருக்காது. அடுத்த மாதமே மன்னிப்புக் கிடைத்து ஊர் திரும்பினார்கள். ஊரே கொண்டாடியது. மூன்று வருஷம் ஒரு பிள்ளையின் கணக்கில் எவ்வளவு நீளம் என்று யோசித்துப் பாருங்கள். போகும்போது தொட்டிலில் கிடந்தது, வரும்போது பள்ளிக்கூடப் பையைத் தூக்கிக்கொண்டு நிற்கும்.

சில மாதம் உள்ளே இருந்து வந்தவர்கள் வீட்டிலும் இதன் சிறிய வடிவம் நடக்கிறது. பிள்ளை அம்மாவின் சேலைக்குப் பின்னால் போய் நிற்கிறது. அப்பாவுக்கு மனசு உடைகிறது, “ஏன் என்னத் தெரியலயா” என்று இழுத்து மடியில் வைக்கிறார், அது கத்துகிறது. அப்படி இழுக்க வேண்டாம் என்று வீட்டில் பேசி வைக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து வலையில் ஒரு கண்ணியைப் போட்டுக்கொண்டிருந்தாலே பிள்ளை தானாக வரும். கடையில் மிட்டாய் வாங்க முதல் தடவை அப்பா கையைப் பிடித்துக்கொண்டு போனால் ஊரே அதைப் பார்த்து ஏதாவது சொல்லாமல் இருப்பது இன்னும் நல்லது.

டிவிக்காரியின் கேள்வி

வெளியே வந்த பிறகு அந்த அம்மாவை ஒரு டிவி பேட்டி எடுக்கிறார்கள். பேட்டி எடுப்பவள் கேட்கிறாள்: குழந்தை பிறந்ததும் அதை வெளியே கொண்டுபோய் ஓர் ஆஸ்பத்திரி வாசலில் விட்டுவிடச் சொல்லி அவனிடம் கேட்டிருக்கலாமே, பிள்ளையாவது சுதந்திரமாக வளர்ந்திருக்குமே?

இதற்கு ஒரு முழு மத்தியானம் ஒதுக்குங்கள். ஆளுக்கு ஒரு தடவை, வட்டமாக, குறுக்கே யாரும் பேசாமல். எங்கள் கூட்டத்தில் வயதான ஓர் ஆத்தா, “அவ உசுரோட இருந்ததே அந்தப் புள்ளயாலதான், அந்தப் புள்ள மனுசனா இருந்தது அவளாலதான். இதப் பிரிச்சுக் கேக்குறவளுக்கு என்ன தெரியும்” என்றார். அவர் மருமகளே எதிரில் உட்கார்ந்து, “இல்ல அத்தே, நானா இருந்தா விட்டுருப்பேன். வெளிச்சம் பாக்கட்டும்னு விட்டுருப்பேன்” என்றாள். இருவரும் அழுதார்கள். நடத்துகிறவர் நடுவில் புகுந்து தீர்ப்புச் சொல்லக் கூடாது, கைதூக்கச் சொல்லி ஓட்டு எடுக்கவும் கூடாது. கேட்டால் என் கருத்தைச் சொல்வேன்: வெளியே உட்கார்ந்திருக்கிறவர்கள் உள்ளே இருந்தவளிடம் கேட்கக் கூடாத கேள்வி அது. அந்தப் பேட்டிக்குப் பிறகுதான் அவள் மாத்திரையை எடுக்கிறாள். அதை நீட்டாமல் சொல்லிவிட்டு, அவள் பிழைத்துவிட்டாள் என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடுங்கள். மறுதடவை வரை தொங்கலில் விடாதீர்கள்.

முடித்த பிறகு

கடைசியில் அம்மாவும் மகனும் ஒருதரம் அந்த அறைக்குப் போய், ஒவ்வொரு சாமானிடமும் போய்வருகிறேன் என்று சொல்கிறார்கள். அதை வாசித்த அன்று கேள்வி எதுவும் வேண்டாம். சுண்டலோ பணியாரமோ செய்து வைத்துக்கொண்டு எல்லோரும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம். புத்தகம் வேண்டுமென்று கேட்கிற பெண்பிள்ளைகளுக்கு இரவல் கொடுங்கள், யார் வாங்கினார்கள் என்று நோட்டில் எழுதி வையுங்கள்.

நடுவில் எழுந்து போனவர்களை அந்த வாரத்துக்குள் போய்ப் பாருங்கள். கதையைப் பற்றி எடுக்காமல், மீன் என்ன விலை, பிள்ளைக்குக் காய்ச்சல் தேவலையா என்று பேசிவிட்டு வந்தால் போதும்.

கூட்டம் கலைந்த பிறகு யாராவது ஒருத்தி செருப்பைத் தேடுகிற மாதிரி நின்றுகொண்டிருப்பாள். கதவை வெளியே பூட்டிக்கொண்டு போகிற வீட்டுக்காரனைப் பற்றி, போனைப் பிடுங்கி வைத்துக்கொள்கிறவனைப் பற்றி அப்போதுதான் வாயைத் திறப்பாள். கடல் தாண்டாமல், நம் தெருவிலேயே இருக்கிற அறைகள் இவை. அவள் பேசி முடிக்கும்வரை புத்திமதி சொல்லாதீர்கள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தால் காப்பாற்றுங்கள், பிள்ளைக்கோ அவளுக்கோ உயிராபத்து என்றால் மட்டும் காப்பாற்ற முடியாது என்பதையும் முதலிலேயே அவளிடம் சொல்லிவிடுங்கள். பெண்களுக்கான உதவி எண் 181, குழந்தைகளுக்கு 1098, மனசு தாங்காதபோது பேச 14416. இந்த மூன்றையும் பேப்பரில் எழுதிக் கொடுக்காமல் மனப்பாடம் செய்ய வைத்து அனுப்புங்கள். பேப்பர் அந்த வீட்டில் யார் கையிலாவது சிக்கிவிடும்.